வேண்டுதலுக்கு முன்பே வரும் மகிழ்ச்சி

"கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு, அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்" என்ற சங்கீதம் 37:4-ஐப் பற்றிக்கொண்டு ஒருமுறையாவது ஜெபித்திராத விசுவாசிகள் குறைவு. ஆனால், அந்த வசனத்தின் பிற்பாதியின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு, முற்பாதியை அதற்குச் செலுத்தவேண்டிய கட்டணம்போல நாம் நடத்துகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேலையோ திருமணமோ வீடோ கைகூடும்வரை தேவனிடத்தில் மகிழ்ச்சியாக இருந்து காட்டுவதற்குப் பேரம் என்றுதான் பெயர்.

இந்தச் சங்கீதம் எதில் தொடங்குகிறது என்பதைக் கவனித்தால், வசனத்தின் எடை விளங்கும். முதல் எட்டு வசனங்களுக்குள் மூன்று முறை, பிறருடைய வாழ்வைப் பார்த்து எரிச்சல் கொள்ளாதே என்று தாவீது எச்சரிக்கிறார். தானும் இளைஞனாயிருந்து முதிர்வயதானதாக 25-ஆம் வசனத்தில் அவரே சொல்வதால், இதை அனுபவப்பட்ட ஒரு பெரியவரின் புத்திமதியாகவே வாசிக்கிறேன். நம் ஆசைகளில் எத்தனை உண்மையிலேயே நம்முடையவை, எத்தனை அடுத்தவரின் செழிப்பைப் பார்த்ததால் முளைத்தவை என்று பிரித்துப் பார்க்க முயன்றால், விடை அவ்வளவு இனிமையாக இருக்காது. தேவனிடத்தில் மகிழ்கிற மனதிற்கு முதலில் கிடைக்கும் விடுதலை, இப்படி இரவல் வாங்கிய ஆசைகளிலிருந்து கிடைப்பதுதான்.

சாமுவேல் தீர்க்கதரிசியின் தாயான அன்னாளின் கதையில் இது கண்கூடாகத் தெரிகிறது. குழந்தை வேண்டும் என்ற அவளுடைய ஏக்கம் நியாயமானது. ஆனால் அவள் கணவனின் மற்றொரு மனைவியான பெனின்னாள் வருஷந்தோறும் குத்திக்காட்டியதால் அந்த ஏக்கத்தோடு மனமடிவும் சேர்ந்திருந்தது. ஆசாரியனாகிய ஏலியே அவள் குடித்து வெறித்திருப்பதாக எண்ணுமளவுக்கு, உதடுகள் மட்டும் அசைய, அவள் தன் இருதயத்தை ஊற்றிவிடுகிறாள். அதன்பின் போய்ச் சாப்பிடுகிறாள். "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்கிறது 1 சாமுவேல் 1:18. சாமுவேல் அப்போது கருவில்கூட இல்லை. ஏலியின் ஆசீர்வாத வார்த்தை மட்டுமே அவள் கையில் இருந்தது, ஆனாலும் முகம் மாறிவிட்டது. "என் இருதயம் கர்த்தருக்குள் களிகூருகிறது" என்று அவள் பாடுவதோ, பிள்ளை பிறந்த அன்றல்ல, பால் மறந்த பிள்ளையை ஆலயமிருந்த சீலோவிலே கர்த்தருக்கென்று ஒப்புவிக்கும் வேளையில்! அவளுடைய ஆசை ஒழிந்துபோகவில்லை என்பதையும் சொல்லவேண்டும்: வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக்கொண்டு போகிற தாயாகவே இருக்கிறாள். பிள்ளை வேண்டும் என்ற அதே ஆசைதான், ஆனால் பெனின்னாளுக்குப் பதில் சொல்லும் தேவை அதில் இப்போது இல்லை.

ஆகவே ஆசையே கூடாது என்ற போதனையையும் என்னால் ஏற்க இயலவில்லை. (அது பக்தியாகத் தோற்றமளிப்பதால் எளிதில் எடுபட்டுவிடுகிறது.) சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் விருப்பத்தை மறைக்கவில்லை, பாடுகளின் பாத்திரம் நீங்கவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு, அதன்பிறகே பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். விருப்பத்தைத் தேவனுக்கு முன்பாகச் சொல்லாமல், அது அவருடைய சித்தத்தோடு எப்படி இசையும்?

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம், "நீங்கள் இன்னும் கர்த்தரிடத்தில் சரியாக மகிழவில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடுவது நம் ஐக்கியங்களில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. துன்பத்தில் கிடந்த யோபுவிடம், குற்றம் அவருடையதே என்று அவருடைய சிநேகிதர்களும் இதே தொனியில்தான் பேசினார்கள். அப்போஸ்தலனாகிய பவுல் தம் மாம்சத்தில் முள்ளாக வருத்திய வேதனை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். கிடைத்தது "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில். கெத்செமனேயிலும் மூன்றுதரம் ஜெபம் ஏறெடுக்கப்பட்டது, பாத்திரம் நீங்கவில்லை. அந்த இருவரிடமும் போய், மகிழ்ச்சி போதவில்லை என்று சொல்ல நம்மில் யாருக்குத் துணிச்சல் வரும்?