டக்ஸீடோ கட்டாயம் இல்லை
‘டக்ஸீடோ (ஆண்கள் போ டையுடன் அணியும் சம்பிரதாய மாலைநேரக் கோட்டு சூட்) இல்லாதவருக்குச் சொகுசுக் கப்பலில் இரவு உணவே கிடையாது’ என்று சிலர் சொல்வது தவறு. முதல் பயணத்துக்குத் தயாராகும் ஒருவர் இதை நம்பி வீண் செலவு செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். உடை விதிகளில் கண்டிப்பானது எனப் பெயர்பெற்ற குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பலில்கூட, காலா இரவுகளில் (பயணிகள் சம்பிரதாய உடையில் வரும் சிறப்பு இரவுகளில்) ஆண்கள் அடர்நிறக் கோட்டு சூட்டும் டையும் அணிந்தாலே போதும். அவரவர் நாட்டின் சம்பிரதாய உடைக்கும் அனுமதி உண்டு. அதுவும் வேண்டாம் என்பவர்கள் கிங்ஸ் கோர்ட் பஃபேயில் வயிறாரச் சாப்பிடலாம். ஆனால் அந்தச் சாதாரண உடையோடு பிரதான உணவுக்கூடத்துக்கோ நடன அரங்குக்கோ செல்வது, ஆசையாக அலங்கரித்து வந்திருக்கும் சக பயணிகளை மதியாத செயல் என்பதே என் கருத்து. வைக்கிங், ஓஷியானியா நிறுவனங்களின் கப்பல்களிலோ இத்தகைய சம்பிரதாய இரவுகளே இல்லை.