சென்னையில் கடலடி கேபிள் இல்லையா?

“இந்தியாவுக்கு வரும் இன்டர்நெட் கேபிள் எல்லாம் மும்பையில்தான் கரையேறுகிறது, சென்னையில் ஆபீஸ் போட்டால் வேகம் கிடைக்காது” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

மும்பையில் கேபிள்கள் அதிகம் என்பது சரி. ஆனால் சென்னை கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடிக் கேபிள் 2002-லேயே வந்துவிட்டது. 2004-ல் இன்னொரு கேபிள், டாடாவுடையது. 2005-ல் வந்த சீ-மீ-வீ 4 (தென்கிழக்கு ஆசியாவை ஐரோப்பாவோடு இணைக்கும் கேபிள்), மும்பை, சென்னை இரண்டிலுமே கரையேறுகிறது. அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் திறந்த கேபிளும் இங்கிருந்துதான் புறப்படுகிறது. சிங்கப்பூரோடு பேச வேண்டிய கம்பெனிக்குச் சென்னைதான் கிட்டம்!

2016 வர்தா புயலின்போது நெட் படுத்துவிட்டதே என்பார்கள். உண்மைதான். அதற்குத்தான் வெவ்வேறு பாதையில் வரும் 2 இணைப்புகளை வாங்கி வைப்பது. ஒரே குழியில் ஓடும் 2 ஒயர்கள் கணக்கில் சேராது. வாடகை ஒப்பந்தத்துக்கு முன் கட்டிட மேலாளரிடம் இதைக் கேளுங்கள்.

அப்புறம், அதே தகவலில் “ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ கிடையாது” என்றும் ஒரு வரி. 2016 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. இதையாவது கூகுளில் பார்த்திருக்கலாம்.