பூச்சிமருந்துக்கு ஒப்புதல் தருவது சங்கம் அல்ல

‘தாவர நோயியல் சங்கம் ஒப்புதல் கொடுத்த மருந்து, கறிவேப்பிலைக்குத் தாராளமாக அடிக்கலாம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். சின்னத் திருத்தம்.

அந்தச் சங்கம் ஆய்வாளர்கள் கூடும் அமைப்பு. மாநாடு நடத்தும், ஆய்வுகளைப் பேசும். எந்த மருந்துக்கும் அனுமதி தராது. தென்னாப்பிரிக்காவில் அந்த வேலை 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி, வேளாண் துறையின் பதிவாளருடையது.

டர்பன் கடையில் வாங்கும் டப்பாவிலேயே சரிபார்க்கலாம். லேபிளில் ஆங்கில ‘எல்’ (L) எழுத்தோடு ஒரு பதிவு எண்ணும், பக்கத்தில் அந்தச் சட்டத்தின் எண்ணும் ஆண்டும் இருக்க வேண்டும். பதிவு எண் இருந்தால் மட்டும் போதாது. பதிவு பயிர்வாரியானது, ரோஜாவுக்குப் பதிவான மருந்து கறிவேப்பிலைக்குப் பதிவானதாகாது. ஆகவே பயிர்ப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பயிர் அதில் இருந்தால், எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு, அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அங்கேயே இருக்கும். இலையைப் பறித்த கையோடு தாளிக்கிற நமக்கு அந்த நாள் கணக்குதான் முக்கியம்.

லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றி விற்பதை, யார் பெயரைச் சொன்னாலும், வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் லேபிளைப் படமெடுத்துப் பதிவாளர் அலுவலகத்துக்கே அனுப்பிக் கேட்கலாம்.