முத்துலட்சுமி ரெட்டி படித்தது வேலூரில் இல்லை

அண்ணா, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம்ம வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் படித்தார், 1926 தேர்தலில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. நானும் வேலூர் தோட்டப்பாளையத்துக்காரன்தான், தினமும் சிஎம்சி வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். நம்ம ஊர்ப் பெருமை எனக்கும் பிடிக்கும். ஆனால் சிஎம்சியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் இங்கே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதே 1918இல். புதுக்கோட்டைக்காரரான முத்துலட்சுமி 1912இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டார்.

சரி, தேர்தல்? சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1921இல். 1926 தேர்தலில் மங்களூரில் நின்ற சுதந்திரப் போராட்ட வீரர் கமலாதேவி சட்டோபாத்யாய் கொஞ்ச ஓட்டில் தோற்றார். முத்துலட்சுமியோ தேர்தலில் ஜெயித்துப் போகவில்லை, அரசு நியமித்த உறுப்பினர். அப்புறம் அந்தச் சபையே அவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. காந்தி கைதானதும் 1930இல் பதவியையே உதறினார். பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணா, பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு இதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.