‘இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க’ என்று சொல்லாதீர்கள்

கென்யாவின் மாசாய் மாரா, தான்சானியாவின் செரெங்கெட்டி என்று காட்டுயிர் பார்க்கப் போய்வந்தவர்கள் எழுதும் பதிவுகளை ஒன்றுவிடாமல் படிப்பவன் நான். அதில் சிங்கம் இருக்கும், யானை இருக்கும், விடியற்காலை பலூன் இருக்கும், கூடாரத்தில் வெந்நீர் ஒழுங்காக வந்ததா என்பதுகூட இருக்கும். வண்டி ஓட்டியவரை மட்டும் காணவே முடியாது. இத்தனைக்கும் அங்கே நாம் எதைப் பார்க்கிறோம், எப்படிப் பார்க்கிறோம் என்பதில் முக்கால்வாசி அவர் கையில்தான் இருக்கிறது. அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதோ பின்சீட்டிலிருந்து நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவு நீளம்தான். போகும் எண்ணம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

கென்யாவில் சஃபாரி வண்டி என்றால் பெரும்பாலும் கூரையை மேலே தூக்கிவிடும் வசதி உள்ள லேண்ட் குரூசர், இல்லாவிட்டால் அதே மாதிரிக் கூரை வைத்த வேன். எழுந்து நின்று நாலு பக்கமும் பார்க்கலாம். ஓட்டுநர்தான் வழிகாட்டி. அவர் பக்கத்தில் ரேடியோ கரகரத்துக்கொண்டே இருக்கும். யாராவது ஒருவர் ஒரு சிறுத்தையைப் பார்த்துவிட்டால் சுவாஹிலியில் தகவல் பறக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த மரத்தைச் சுற்றி வண்டிகள் கூடிவிடும். ஒரே விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று மாராவில் விதி இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் போய்ப் பாருங்கள், அந்த விதிக்கு என்ன மதிப்பு என்று தெரியும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கறையான் புற்றின் மேல் தாய்ச் சிவிங்கி ஒன்று நின்றிருந்தது. சிவிங்கி என்றால் சீட்டா; சிறுத்தை வேறு. கண்ணோரத்திலிருந்து வாய்வரை கறுப்பாக ஒரு கோடு இறங்குமே, அது. முதுகில் சாம்பல் நிற முடி சிலிர்த்துக்கொண்டு நிற்கும் சின்னக் குட்டிகள் கூடவே இருந்தன. தூரத்தில் தாம்சன் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன, தாயின் கண் முழுக்க அங்கேதான். இறங்கி நாலு அடி வைத்தது. எதிரே ஒரு வண்டி குறுக்கே வந்து நின்றது. பக்கவாட்டில் போகப் பார்த்தது, அங்கேயும் இரண்டு வண்டிகள். எஞ்சின் சத்தத்துக்கு மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்துபோயின. தாய் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. ஒரு குட்டி வண்டிக்கு அடியில் நிழல் தேடிப் போய் உட்கார்ந்தது, சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி.

எங்கள் வண்டியில் அப்போது ஒரு குரல் எழுந்தது: “டிரைவரை இன்னும் கொஞ்சம் கிட்டப் போகச் சொல்லுங்க, ஃபோன்ல சரியா விழல.” ஓட்டுநர் கண்ணாடி வழியாக எங்கள் முகங்களை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கியரைப் போட்டார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. போகக் கூடாது என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இது வெறும் மனவருத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. மாராவில் நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் அதிகம் வரும் பகுதிகளில் ஒரு தாய்ச் சிவிங்கி ஓர் ஈற்றில் பிழைக்கவைத்து வளர்த்த குட்டிகள் சராசரியாக 0.2. வண்டிகள் குறைவாக வரும் பகுதிகளில் 2.3. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். வண்டி மோதித்தான் குட்டி சாக வேண்டும் என்பதில்லை. தாயின் வேட்டை கெட்டால் குட்டிக்குப் பசி. வண்டிகள் கூடி நிற்பதைப் பார்த்துக் கழுதைப்புலி வந்தால் பிடித்த இரையும் போச்சு. நாம் படம் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்ச் சாப்பிட உட்காரும் நேரத்தில் தாய்ச் சிவிங்கி இன்னும் வெறும் வயிற்றோடு அங்கேதான் இருக்கும்.

சரி, விதி தெரிந்தவர் ஏன் போகிறார்? வாடிக்கையாளர் முகம் சுளித்தால் டிப்ஸ் குறையும். டிப்ஸ் என்பது அங்கே பலருக்குச் சம்பளத்தின் மேல் விழும் சில்லறை கிடையாது, வீட்டுச் செலவே அதில்தான் ஓடுகிறது. நாம் ஊருக்கு வந்து இணையத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டால் அடுத்த சீசனில் அவருக்கு வண்டி கிடைக்குமா என்பதே சந்தேகம். கென்யாவில் வழிகாட்டிகளுக்கு என்று ஒரு தொழில்முறைச் சங்கம் 1996 முதல் இருக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் தேர்வு வைக்கிறது. பறவை, மரம், பூச்சி, நிலவியல் என்று விழுந்து விழுந்து படித்துவிட்டு வந்தவரிடம் நாம் கேட்பது “சிங்கம் எங்கே?” என்பதை மட்டும்தான். அந்தப் படிப்பெல்லாம் அவரோடேயே இருந்துவிடுகிறது.

ஆற்றங்கரைக்கு வருகிறேன். மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் இனமான வில்டபீஸ்ட் கூட்டம் மாரா நதியைத் தாண்டும் காட்சிக்காகத்தான் ஜூலையிலிருந்து அக்டோபர்வரை உலகமே அங்கே குவிகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் கணக்குப்படி பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கும் அந்த மந்தை, கூடவே வரிக்குதிரைகளும் மான்களும், மழையையும் புல்லையும் தேடி செரெங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. நேரில் போனால்தான் அந்தச் சத்தம் தெரியும். மூக்கால் முனகுவது மாதிரி ஓயாமல் ஓர் ஒலி, புழுதி, சாணி வாடை. முன்னால் நிற்பது கரை விளிம்புவரை வரும், தண்ணீரைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். மறுபடி வரும். மணிக்கணக்கில் இதே கதை. திடீரென்று ஒன்று குதித்தால் மொத்தமும் பின்னாலேயே குதிக்கும்.

குதிக்கிற அந்த நொடியில் தள்ளி நிற்கும் வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கரைக்குப் பாய்கின்றன. நல்ல இடம் பிடிக்கத்தான். மந்தை இறங்கும் வழியிலேயே வண்டி நிற்பதும் உண்டு. 2025 ஜூலையில் செரெங்கெட்டி பக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் வண்டியிலிருந்து இறங்கிக் கரையோரம் கூட்டமாக நின்று, விலங்குகள் ஆற்றில் இறங்கும் வழியை அடைத்த காணொளி உலகம் முழுக்கப் பரவியது. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஓட்டுநர்களையும் ரேஞ்சர்களையும் திட்டினார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வண்டியிலிருந்து இறங்கிய கால்கள் யாருடையவை?

அந்த ஆற்றைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. கடக்கும்போது கூட்டம் கூட்டமாக மூழ்கிச் சாவதில் மட்டும் வருடத்துக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்கள் போகின்றன என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. முதலை தின்பது அதில் கொஞ்சம்தான். பாறுக் கழுகுகளும் மாராபு நாரைகளும் வாரக்கணக்கில் தின்கின்றன. தசை கரைந்து மீனுக்குப் போகிறது. எலும்புகள் ஆற்றின் அடியில் ஏழு வருடம்வரை கிடந்து மெல்ல மெல்லச் சத்தை விடுகின்றன, அதன் மேல் படரும் பாசியை மீன் மேய்கிறது. இதை எனக்கு முதலில் சொன்னது எந்தப் புத்தகமும் இல்லை, எங்கள் ஓட்டுநர்தான். மற்ற வண்டிகள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு, கீழே பாறையிடுக்கில் சிக்கியிருந்த ஓர் உடலையும் அதன்மேல் உட்கார்ந்திருந்த நாரையையும் காட்டிச் சொன்னார். ஆற்றைக் கடந்த காட்சி எனக்கு ஒரு கலங்கலான ஞாபகமாகத்தான் இருக்கிறது. அந்த நாரை தெளிவாக இருக்கிறது.

அவர் அப்படிப் பேச ஆரம்பித்ததற்குக் காரணம், சிவிங்கிச் சம்பவத்துக்கு அடுத்த நாள் காலையில் நான் முன்சீட்டில் போய் உட்கார்ந்ததுதான். எங்களுக்குப் பட்டியல் எதுவும் இல்லை, அவசரமும் இல்லை, கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம், உங்களுக்குப் பிடித்ததைக் காட்டுங்கள் என்று சொன்னேன். கூட வந்தவர்களிடம் முந்தின ராத்திரியே பேசிச் சம்மதிக்கவைத்திருந்தேன். அவர் சிரித்தார். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

அன்றைக்கு முதலில் வண்டி நின்றது ஒரு முள்மரத்துக்குப் பக்கத்தில். ஜன்னலை ஒட்டிக் கிளை. கிளையில் வெள்ளை முட்களுக்கு நடுவே கறுப்பு உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையிலும் பொடி ஓட்டை, உள்ளே எறும்புகள். காற்று அடித்தால் அந்த ஓட்டைகளில் சன்னமாக விசில் கேட்கும். அவர் ஒரு குச்சியால் கிளையை லேசாகத் தட்டினார், அடுத்த கணமே எறும்புகள் பொங்கி வெளியே வந்தன. யானை கிளையை ஒடிக்க வந்தால் தும்பிக்கைக்குள் புகுந்துவிடும், அதனால் யானையே இந்த மரத்தைத் தொட யோசிக்கும் என்றார். மரம் எறும்புக்கு வீடு கொடுக்கிறது, எறும்பு மரத்தைக் காவல் காக்கிறது. சமவெளி முழுக்க இந்த மரம்தான். முந்தின நாள் அதற்கு நடுவில்தான் சிங்கம் தேடி விரட்டிக்கொண்டு போயிருந்தோம்.

அப்புறம் ஒரு யானைக் கூட்டம். ரொம்பத் தள்ளியே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார். நாங்கள் அசையாமல் இருந்தோம். மேய்ந்துகொண்டே அவையே எங்கள் பக்கம் வந்தன. புல்லைத் தும்பிக்கையால் சுருட்டிப் பிடுங்கும் ‘பரக்’ சத்தம், வேரிலிருக்கும் மண்ணைக் காலில் தட்டி உதறுவது, வயிற்றுக்குள்ளிருந்து வரும் உறுமல், எல்லாம் கேட்டது. ஒரு தாய் குட்டியை எங்கள் பக்கம் நடக்கவிட்டுத் தான் அந்தப் பக்கம் போனது. நம்மை நம்பாத தாய் அப்படிச் செய்யாது. கிட்டப் போவது என்றால் இதுதான், வண்டியை முட்டிக்கொண்டு நிறுத்துவது கிடையாது.

இப்போது பணம். மாரா தேசியக் காப்பகத்துக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு ஜனவரியிலிருந்து ஜூன்வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர்வரை 200 டாலர் என்று 2024இல் கட்டணம் உயர்த்தினார்கள். அதனால் பலரும் ‘இவ்வளவு கொடுத்தாச்சு, எல்லாவற்றையும் பார்த்தே தீரணும்’ என்ற வேகத்தோடு வருகிறார்கள். என் அபிப்பிராயம்: ஆற்றுக் காட்சியை விட்டுவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். மாராவின் சிங்கமும் யானையும் சிவிங்கியும் எங்கேயும் போவதில்லை, வருடம் முழுக்க அங்கேதான் இருக்கின்றன. வண்டிகள் குறைவு, கட்டணம் பாதி. வில்டபீஸ்ட் பெருங்கூட்டம்தான் வேண்டும் என்றால் அந்த மாதங்களில் செரெங்கெட்டியின் தெற்குச் சமவெளிகளில் அவை கன்று ஈனும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து ஓடுவதைப் பார்க்கலாம்.

கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருப்பவர்கள் காப்பகத்தை ஒட்டியுள்ள கன்சர்வன்சிகளைப் பாருங்கள். அவை அங்கே கால்நடை மேய்த்து வாழும் மாசாய் குடும்பங்களின் சொந்த நிலம். நபோய்ஷோ என்ற இடத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நில உரிமையாளர்கள் சேர்ந்து சுமார் 50,000 ஏக்கரைக் காட்டுயிர்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். சுற்றுலா முகாம்கள் அவர்களுக்குக் குத்தகைப் பணம் தருகின்றன. எத்தனை ஏக்கருக்கு எத்தனை கூடாரம் என்று கணக்கு இருக்கிறது, அதனால் நெரிசல் கிடையாது. குறை இல்லாமல் இல்லை. விலை நம்மில் பலருக்கு எட்டாது, மேய்ச்சல் தொடர்பான சச்சரவும் உண்டு. ஆனாலும் நிலத்துக்காரனை வெளியேற்றிவிட்டு உண்டாக்கிய காட்டைவிட இது எனக்கு எவ்வளவோ மேல். செரெங்கெட்டியிலிருந்து மாசாய் மக்களை 1959இல் வெளியே அனுப்பினார்கள். 2022இல் அதற்குப் பக்கத்து லோலியோண்டோவில் அரசு எல்லைக்கல் நட வந்தபோது மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. மனிதன் கால்படாத காடு என்று விளம்பரத்தில் வரும் படங்களைப் பார்க்கும்போது இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

கிளம்புகிறவர்களுக்குச் சில சின்ன விஷயங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள், கடைசி நேரத்தில் அலையாதீர்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போகிறோம்; மாரா ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, விடியற்காலையில் திறந்த கூரையில் பல் கிட்டிப்போகும். பிளாஸ்டிக் பைகளைக் கென்யா 2017இலேயே தடை செய்துவிட்டது, பெட்டியில் வைக்காதீர்கள்.

முன்பதிவு செய்யும்போது அந்த நிறுவனத்திடம் விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: விலங்கைச் சுற்றி ஐந்து வண்டி நின்றால் உங்கள் ஓட்டுநர் என்ன செய்வார்? தள்ளி நின்று காத்திருப்பார் என்று தயங்காமல் சொல்கிறவரிடம் பணத்தைக் கட்டுங்கள். போய் இறங்கிய முதல் சாயங்காலமே ஓட்டுநரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் தள்ளி நின்றால் எங்களுக்கு வருத்தமே இல்லை, டிப்ஸும் குறையாது. திரும்பி வந்து விமர்சனம் எழுதும்போது எத்தனை சிங்கம் பார்த்தீர்கள் என்பதோடு, கூட்டத்துக்குள் வண்டியை விட மறுத்தார் என்பதையும் ஓட்டுநர் பெயரோடு பாராட்டி எழுதுங்கள். அவருடைய முதலாளி படிப்பது அதைத்தான்.