வெல்டிங் புகைக்குப் பால் மருந்தா?

சென்னை புதுப்பேட்டையில் பழைய பைப் வாங்கி வந்து மாடியில் பைக் சைலன்சர் வெல்ட் பண்ணும் நம்ம பசங்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு வாரமாக ஒரு மெசேஜ் சுற்றுகிறது: "ஜிஐ பைப்பை வெல்ட் பண்ணும் முன் ஒரு டம்ளர் பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது." இது தவறு. பட்டறைகளில் ரொம்ப காலமாகச் சொல்லி வருவதுதான், அதனால் உண்மையாகிவிடாது.

ஜிஐ (கால்வனைஸ்டு அயர்ன்) பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. அது 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், இரும்பு உருகவோ 1,500 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும், ஆக வெல்ட் பிடிப்பதற்கு முன்பே துத்தநாகம் ஆவியாகி, ஜிங்க் ஆக்சைடு (துத்தநாக ஆக்சைடு) என்ற வெள்ளைப் புகையாக நுரையீரலுக்குப் போகிறது. பால் போவது வயிற்றுக்கு! சில மணி நேரம் கழித்து குளிர், காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல் வரும். ஃப்ளூ என்றே நினைப்போம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும், ஆனால் மூச்சு வாங்கினால் பால் தேடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான நியோஷின் (NIOSH) இணையதளத்தில் ஜிங்க் ஆக்சைடு பக்கத்தைப் பாருங்கள், இதே அறிகுறிகள் இருக்கும். சைலன்சருக்கு ஜிஐ பைப்பே வேண்டாம், பூச்சில்லாத எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பைப் எடுங்கள். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் குரோமியம் புகை, அது வேறு தலைவலி. எதுவானாலும் காற்றோட்டமும் வெல்டிங் புகைக்கான ரெஸ்பிரேட்டரும் வேண்டும், கர்ச்சீஃப் போதாது. அந்த மெசேஜை இனி ஃபார்வர்ட் பண்ணாதீர்கள், ப்ளீஸ்.