அடிமைக் கப்பல்கள் அதிகம் போனது அமெரிக்காவுக்கு அல்ல

அட்லாண்டிக் கடல் வழியாக அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோர் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இறக்கப்பட்டார்கள் என்று ஒரு கருத்து உள்ளது. அது சரியல்ல.

ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி பேர். உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. அதில் பிரேசிலுக்கு மட்டும் ஏறக்குறைய 48 லட்சம். வட அமெரிக்க நிலப்பகுதிக்கு நேரடியாக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. கரீபியன் தீவுகள் வழியாக வந்தவர்களைச் சேர்த்தாலும் 5 லட்சத்தைத் தாண்டாது.

குழப்பம் வருவது 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பால். அதில் அமெரிக்காவில் அடிமைகள் ஏறக்குறைய 39.5 லட்சம் பேர். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கேயே அடிமைத்தனத்தில் பிறந்தவர்கள். பிரேசில், கரீபியன் கரும்புத் தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகம். அதனால்தான் அங்கே கப்பல்கள் ஓயாமல் வந்தன. இந்தக் கொடுமையை அந்தக் கருத்து மறைத்துவிடுகிறது.

சரிபார்க்க, அடிமைக் கப்பல் பயணங்களின் பதிவுகளைத் தொகுத்துள்ள ஸ்லேவ் வாயேஜஸ் (SlaveVoyages) இணையத் தரவுத்தளம் இலவசம். அதில் மதிப்பீடுகள் பகுதியைத் திறந்து, இறங்கிய இடம் வாரியாக அட்டவணை எடுங்கள். தனித்தனிப் பயணப் பதிவுகளைக் கூட்ட வேண்டாம். ஆவணம் கிடைக்காத கப்பல்கள் அதில் இல்லாததால் எண்ணிக்கை குறைந்துவிடும். ஏற்றப்பட்டோர், இறங்கியோர் என இரண்டு எண்கள் இருக்கும், அவற்றையும் கலக்காதீர்கள்.